ஆணியில் தொங்கிய டயர்

எங்கள் வீட்டுப் பின்சுவரில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பெரிய ஆணி ஒன்று இருக்கிறது. அதில் பல வருடங்களாக ஒரு டயர் தொங்கியது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்து டயர். மத்தியான வெயில் நேராக அந்தச் சுவரில்தான் விழும். அடுப்பு துடைக்கும் துணிகளை அலசி அந்த டயரின் மேல் போட்டுவிடுவேன். அரை மணி நேரத்தில் மொரமொரவென்று காய்ந்துவிடும். அது டயர் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அதை அங்கே மாட்டியவர் என் வீட்டுக்காரர். அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை செய்கிறார். வீட்டில் ஓடுகிற எதுவும் அவர் பொறுப்பு. காத்தாடி, தண்ணீர்ப் பம்பு, அவருடைய மோட்டார் சைக்கிள், என்னுடைய மோட்டார் சைக்கிள். முன்பு ஒரு பழைய வண்டியை அவர் விற்றபோது, அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் முன் டயரைப் புதிதாக மாற்றியிருந்தார். அதை அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. வாங்க வந்தவரிடம் சொல்லிவிட்டு, புதியதைக் கழற்றிக்கொண்டு வேறு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கழற்றிய டயர் ஆணிக்குப் போனது.

"ஒரு நாள் வேலைக்கு ஆகும்" என்றார். அப்போது எங்கள் சின்ன மகள் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

டயரைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு உண்டு. பின்னால் இரண்டு மாற்றினால் முன்னால் ஒன்று. பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது, ஆள் பாரமும் அதன் மேல்தான், அதனால் அது சீக்கிரம் தேயும். முன்சக்கரம் சும்மா கூடவே உருண்டு வருகிறது என்பது அவர் நினைப்பு. டயரில் இருக்கும் வெட்டுகளை இங்கே எல்லோரும் பூ என்றுதான் சொல்வோம், மலாய்க்காரர்கள் புங்கா என்று சொல்வதைப் போல. பூ இருக்கிறதா, டயர் நல்ல டயர். பூ போய் வழவழவென்று ஆகிவிட்டதா, மாற்ற வேண்டும். இதற்கு மேல் டயரில் பார்க்க ஒன்றுமில்லை என்று நானும் நினைத்திருந்தேன்.

நான் தங்காக்கில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு, ஐந்தாம் படிவம் முடித்ததும் சேர்ந்தது. கடையின் பின்பகுதியில் திரைச்சீலைத் துணிகளை அளந்து வெட்டுவதும் ஓரம் மடிப்பதும் என் வேலை. முன்பகுதிக்குப் போய் வாங்க வருகிறவர்களிடம் பேசச் சொல்லி முதலாளி இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் நான் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு, மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். எனக்குப் பேச்சு வராது. கெட்டிக்காரர்கள் ஒரு வார்த்தை பேசி முடிக்கிற இடத்தில் நான் மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் துணியைக் கண்ணை மூடித் தொட்டால் என்ன துணி என்று சொல்லிவிடுவேன். அது ஒன்றுதான் நான் தைரியமாகச் சொல்லக்கூடியது.

வீட்டிலிருந்து கடைக்குப் பதினான்கு கிலோமீட்டர். இத்தனை வருடமும் கப்சாயில்தான் போய் வருகிறேன். இங்கே பாதி வீடுகளின் முன்னால் நிற்கிற அந்தச் சின்ன வண்டிக்கு அதுதான் பெயர். என்னுடையது நீலம். முன்னால் கூடை. இரண்டு பக்கமும் செம்பனை, அப்புறம் ஒரு பள்ளிக்கூடம், அப்புறம் முனீஸ்வரர் கோயில் வளைவு, வளைவு திரும்பினால் லேடாங் மலை நேர் எதிரே நிற்கும். காலையில் அதன் பாதி மேகத்துக்குள் இருக்கும். அந்த இருபத்தைந்து நிமிடம் யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். தலைக்கவசத்துக்குள் பாட்டுக்கூடப் பாடுவேன். என் நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

போன வருடம் வெயில் காலத்தில் என் வண்டியின் முன் டயர் வழவழவென்று ஆகிவிட்டது. போத்தாக் என்று சிரித்தார் வீட்டுக்காரர், மொட்டைத் தலையைச் சொல்வதுபோல. ஆனால் அவர் முகத்தில் ஒரே சந்தோஷம். நேராகப் பின்பக்கம் போனார். என் துணியை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு டயரை ஆணியிலிருந்து இறக்கினார்.

"பாரு, பூ அப்படியே இருக்கு. நான் வச்சிருந்தது வீண் போச்சா?"

வீண் போகவில்லை என்று நானும் சொன்னேன். அவரே மாட்டிக் கொடுத்தார். பழைய மொட்டை டயரைக் குப்பை லாரியில் போட்டார். ஆணி காலியாக இருந்தது. துணி காயப் போட இடமில்லையே என்பது மட்டும்தான் அன்றைக்கு என் கவலை.

வெயில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மழைக்காலம் பிறந்த வாரமே கோயில் வளைவில் வண்டியின் முன்பக்கம் என் கையை விட்டு வழுக்கிக்கொண்டு போனது. காலை ஊன்றி நின்றுவிட்டேன். முனீஸ்வரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன், வீட்டில் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை தங்காக்கில், எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் சமிக்ஞை விளக்கில். சிவப்பு விழுந்தது, மெதுவாகத்தான் பிரேக் பிடித்தேன், வண்டி படுத்துவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு. கூடையிலிருந்த சாப்பாட்டு டப்பா திறந்து, புளிக்குழம்பும் நெத்திலியும் சாலையில் ஓடின. மூன்று பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். வலி பெரிதாக இல்லை. ஆனால் கடையிலிருந்து எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள் பாருங்கள், அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

மூன்றாவது தடவை எங்கள் வீட்டு வாசலில், ஈரமான சிமெண்டுத் தரையில், அவர் கண் முன்னாலேயே. அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். என்னைத் தூக்கி உட்காரவைத்து, என் கைகால்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். அதனால்தான் அவர் அப்புறம் சொன்னதற்கு என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. வயதாகிறது, கையில் பயம் வந்துவிட்டது, பயம் வந்த கை பிரேக்கைக் கண்டபடி பிடிக்கும், இனிமேல் வேனில் போய் வா என்றார். வண்டியை நிறுத்தி வைத்தால் எனக்கு ஆசை வரும், அதனால் விற்றுவிடலாம் என்றும் சொன்னார். ஆலையில் அவருடன் வேலை செய்யும் ஒருவர் தன் மனைவிக்காக ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். அடுத்த புதன்கிழமை மாலை வந்து பார்ப்பதாகப் பேச்சு.

எனக்கே என் கையின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று தடவை வண்டியை வழுக்கவிட்டவள் என்ன வாதாட முடியும்?

வேன் எங்கள் குடியிருப்பிலிருந்து பதினொரு பெண்களைத் தங்காக்குக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. ஓட்டுகிறவரும் பெண்தான். எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷி. ஏறினவுடன் பேச ஆரம்பித்தால் இறங்கும்வரை நிறுத்தமாட்டார், மற்றவர்களையும் நிறுத்தவிடமாட்டார். பெரிய மகளுக்கு எப்போது கல்யாணம், சின்ன மகள் எஸ்.பி.எம். பரீட்சை முடித்து என்ன படிக்கப்போகிறாள், முழங்கையில் என்ன கட்டு, நேற்று என்ன சமையல். நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. இரண்டாம் நாள் பின்சீட்டில் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வேன் அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வீட்ல ஏதும் சண்டையா? எங்ககிட்ட சொல்லலாம்ல?" என்று கேட்டார். பத்துப் பேரும் திரும்பினார்கள். இல்லை என்பதை நான் மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அவர்கள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து தினமும் யாராவது எனக்கு நெல்லிக்காய் ஊறுகாயோ கச்சான் கடலைப் பொட்டலமோ கொடுத்து ஆறுதல் சொன்னார்கள்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. மாலையில் ஆள் வரப்போகிறார் என்பதால் காலையிலேயே வண்டியைக் கழுவ ஆரம்பித்தேன். அழுக்கான வண்டியைக் கொடுத்தால் என்னைத்தான் சொல்வார்கள். அவர் ஆலைக்குப் போயிருந்தார். பின் டயரைத் தேய்த்தேன். நடுப்பகுதி தட்டையாகி, ஓரத்தில் மட்டும் பூ ஆழமாக இருந்தது. எங்கள் சாலை பெரும்பாலும் நேர்சாலை. நேராக ஓடி ஓடி நடுவில்தானே தேயும். முன் டயரைத் தேய்த்தேன். பூவெல்லாம் கருகருவென்று புதிதுபோல இருந்தது. தேய்த்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றுவிட்டது.

இரண்டும் ஒரே துணி இல்லை. அப்படித்தான் என் கைக்குத் தோன்றியது.

பின் டயரில் நகத்தை அழுத்தினேன். கொஞ்சம் உள்ளே போய் மேலே வந்தது. முன் டயரில் அழுத்தினேன். நகம்தான் வளைந்தது. பலகையில் அழுத்தியதுபோல இருந்தது. குனிந்து பார்த்தேன். பூவின் அடியில், வெட்டுக்கு உள்ளே, மெல்லிய கோடுகள் ஓடின. விரலால் விரித்தால் கோடு வாய் திறந்தது.

அதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கடையில் வருடக்கணக்காக விற்காமல் அடுக்கில் கிடக்கும் பட்டுத்துணி இருக்கும். யாரும் கட்டவில்லை, துவைக்கவில்லை, நிறமும் போகவில்லை. மடிப்பைப் பிரித்தால் மடிப்போடு சரசரவென்று கிழியும். உடுத்தாததால் அது புதிது ஆகிவிடாது. வெயில் படுகிற ஜன்னல் பக்கத்து அடுக்கு என்றால் இன்னும் சீக்கிரம் போகும். என் அடுப்புத் துணிகளை அரை மணி நேரத்தில் காய வைத்த அந்த வெயில் இத்தனை வருடமும் டயரையும் காய வைத்திருக்கிறது.

அவரிடம் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். டயர் அவருடைய சாமான். அதை மாட்டியபோது அவர் முகம் இருந்த விதம் ஞாபகம் வந்தது. எப்படிச் சொன்னாலும் மனது கஷ்டப்படுவார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன், வண்டிதான் போகப்போகிறதே. ஆனால் அடுத்த மழையில் இன்னொரு பெண் இந்த டயரில் போவாள். அவளும் விழுவாள், அவள் வீட்டிலும் அவள் கையைத்தான் குறை சொல்வார்கள். வண்டி போனால் போகட்டும், டயரையாவது மாற்றிவிடுவோம் என்று கிளம்பினேன்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சாலையோரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை இருக்கிறது. சீனத் தம்பதி நடத்துகிறார்கள். இஞ்சின் வேலை கணவருக்கு, டயர் வேலை மனைவிக்கு. நான் அங்கே தனியாகப் போனதே இல்லை. என்ன பேசுவது என்று மலாயில் ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு, வழியெல்லாம் சொல்லிக்கொண்டே மெதுவாக ஓட்டிப் போனேன். போய் நின்றதும் வாக்கியம் மறந்துவிட்டது. டயரைக் காட்டி, நகத்தால் அழுத்திக் காட்டினேன்.

அந்த ஆன்ட்டிக்கு அதுவே போதுமாக இருந்தது. கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டயரின் பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருந்தன. விரலால் தூசியைத் துடைத்துப் படித்தார். முதல் இரண்டு எண் எந்த வாரம், பின் இரண்டு எண் எந்த வருடம், டயர் செய்தது அப்போது என்று சொன்னார். நான் மனதுக்குள் எண்ணினேன். சின்ன மகள் முதலாம் ஆண்டு போன வருடத்துக்கும் முந்தையது. அவள் இப்போது ஐந்தாம் படிவம்.

"அக்கா, இந்த டயர் பள்ளிக்கூடம் முடிச்சிடுச்சு லா" என்றார் ஆன்ட்டி. மலாயில்தான், இங்கே எல்லோரும் வாக்கியக் கடைசியில் போடுகிற லாவோடு பேசினோம், ஆனால் அக்கா என்று தமிழில்தான் கூப்பிட்டார். யார் இதை மாட்டியது என்று கேட்டார்.

"யாரோ" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் வேலையைத் தொடங்கிவிட்டார்.

சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே பேசினார். பின் டயர் மறைக்கத் தெரியாதது, தேய்ந்தால் தட்டையாகிக் காட்டிவிடும் என்றார். பூவுக்கு நடுவே அங்கங்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள், பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் மாற்ற வேண்டும். என் பின் டயருக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் இருக்கிறது, சீனப் பெருநாளுக்கு முன்னால் வந்துவிடு என்றார். முன் டயர் அப்படி இல்லை. மெதுவாகத் தேய்வதால் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். தேயாமலேயே கிழடாகிவிடும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி இடுப்பை ஆட்டும், ஆட்டும்போதே சுதாரித்துக்கொள்ளலாம். முன்பக்கம் வழுக்கினால் சுதாரிக்க நேரமே இருக்காது, நீ கீழே கிடப்பாய் என்றார்.

"மூணு தடவை" என்று விரலைக் காட்டினேன்.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. "மூணு தடவையும் எழுந்து வந்திருக்கே. நல்லாத்தான் ஓட்டுறே."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்திருப்பேன். புது டயர் ஒரு பக்குவத்துக்கு வர இரண்டு மூன்று நாளாகும், அதுவரை வளைவில் சாய்க்காதே, பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதே என்று சொல்லி அனுப்பினார். பழைய டயரை எடுத்துப் போகிறாயா, தூக்கிப் போடட்டுமா என்று கேட்டார். கூடைக்கு மேலே வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, பழையபடி ஆணியில் மாட்டிவிட்டேன். ஒரு துணியையும் போட்டேன். பல வருடம் அங்கே தொங்கியதுதானே, அவர் கண்ணில் படவே போவதில்லை என்று நினைத்தேன்.

மாலை ஐந்து மணிக்கு அந்த ஆள் வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வண்டியைச் சுற்றி வந்தார், இஞ்சினை முடுக்கிப் பார்த்தார், முன்னால் உட்கார்ந்து டயரைத் தடவினார்.

"முன்னால புதுசு போட்டிருக்கீங்க போல."

வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "புதுசு இல்ல தம்பி. நானே பத்திரமா எடுத்து வச்சிருந்தது. அதுதான் புதுசு மாதிரி இருக்கு."

"இல்லண்ணே, ரப்பர் முடியெல்லாம் நிக்குது பாருங்க. இன்னிக்கு நேத்து போட்டதுதான்."

வீட்டுக்காரர் குனிந்தார். புது டயரின் மேல் முள்முள்ளாக நிற்கும் சின்ன ரப்பர் முடிகளை விரலால் நீவினார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைத் தாண்டி, சமையலறை வழியாகப் பின்பக்கம் போனார். தட்டை வைத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு டயரை இறக்கியிருந்தார். நகத்தால் அழுத்தினார். இரண்டு கையாலும் வளைத்தார். கோடுகள் எல்லாம் வாயைத் திறந்தன. தூறல் அவர் மேல் விழுந்துகொண்டே இருந்தது.

"எப்ப மாத்துன?"

"காலையில."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கையால தொட்டுப் பாத்தேன்." அப்புறம், நானே எதிர்பார்க்காமல், மிச்சமும் வந்துவிட்டது. "மூணு தடவையும் முன்னாலதான் வழுக்குச்சு. என் கையில பயம் இல்லீங்க."

அவர் பெருவிரலால் ஒரு கோட்டை இன்னொரு முறை விரித்துப் பார்த்தார். டயரைத் திரும்ப ஆணியில் மாட்டினார். தோளிலிருந்த துணியை எடுத்து, நான் போடுவதுபோலவே, அதன் மேல் விரித்துப் போட்டார். மழையில் எந்தத் துணி காயும்?

முன்னால் போய், "தம்பி, கோவிச்சுக்காத, வண்டி குடுக்கிறதா இல்ல. அவ ஓட்டுவா" என்றார்.

அந்த ஆள் கோபித்துக்கொள்ளவில்லை, தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் கிளம்பும் முன் என் வீட்டுக்காரர் அவருடைய வண்டியின் முன் டயரில் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

மறுநாள் காலை என் வண்டியில் போனேன். பள்ளிக்கூடத்தருகே வேன் என்னைத் தாண்டியது. பத்துக் கைகள் ஜன்னலில் ஆடின. வேன் அக்கா ஒலிப்பானை நீளமாக அடித்தார். எங்கள் சண்டை தீர்ந்துவிட்டது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் தலையை ஆட்டினேன். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவளிடம் அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அடுத்த புதன்கிழமை அவர் தானாகவே, "என் வண்டியிலயும் கொஞ்சம் தொட்டுப் பாரேன்" என்றார். பார்த்தேன். கோடு விழவில்லை, ஆனால் நகம் உள்ளே போகவில்லை. இரண்டு பேரும் இரண்டு வண்டியில் பட்டறைக்குப் போனோம். அவர் ஆன்ட்டியிடம் பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்ற தன் கணக்கை விளக்க ஆரம்பித்தார். ஆன்ட்டி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அந்த யாரோ இவர்தானா?"

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, பட்டறைக்குள் கேட்கும்படி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கூடச் சிரித்தார்.

திரும்பி வரும்போது அப்படியே கோயில் வரை போய்க் கும்பிட்டு வரலாம் என்றார். தூறிக்கொண்டிருந்தது. சாலை பளபளவென்று கிடந்தது. அவர் முன்னால், நான் பின்னால். வளைவு வந்ததும் அவர், ஆன்ட்டி சொன்னதை நினைத்துக்கொண்டு, வண்டியைச் சாய்க்காமல், நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார். அவருடையது அன்று போட்ட டயர். என் டயருக்கு அதற்குள் ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் ஒலிப்பானை இலேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவரைத் தாண்டிப் போனேன்.